முப்பதாம் நாள் தாயத்து

காது நன்றாகக் கேட்கிற மனுசர் மூன்று நாளாகச் செவிடர் வேஷம் போடுவதென்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவும் துரைராசாவைப் போன்ற ரோசக்காரருக்கு. 1961ஆம் ஆண்டு ஆடி மாதத்து மழையில், மஸ்கெலியாவுக்கு மேலே குளவிமலைத் தோட்டத்தில், தராசு சோதிக்க வந்த அரசாங்க உத்தியோகத்தர் என்று சொல்லிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்த இடம் கொழுந்து மடுவம். பெண்கள் பறித்த கொழுந்தைக் கூடையோடு கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்கும் தகரக் கொட்டகை அது. நாளைக்கு மூன்று நிறுவை. முந்நூறு பெண்கள் ஒவ்வொருவராக அவருடைய மேசையை உரசிக்கொண்டு போவார்கள். மேசைக்கு அடியில் ஒரு கறுப்புத் தோல் பெட்டி. உள்ளே படிக்கல் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். உண்மையில் இருந்தது, கதிர்வீச்சுக் கண்டால் டிக் டிக்கென்று சத்தம் போடும் கருவி. அதிலிருந்து ஒரு வயர் கோட்டுக்குள்ளால் ஏறி அவருடைய இடது காதில் முடிந்தது.

காதில் என்ன என்று கேட்டவர்களுக்கு, காது கேளாதவர்கள் மாட்டும் சாமான் என்று சொல்லிவைத்தார். அதோடு பிடித்தது சனியன். பெண்கள் எல்லோரும் இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கூப்பிடும் குரலில் அவரிடம் பேசத் தொடங்கினார்கள்.

"ஐயா! இந்தத் தராசு அரை றாத்தல் திங்குதுங்க ஐயா! நல்லாப் பாருங்க!" என்று ராக்காயி என்பவள் முதல் நாளே அவர் காதுக்குள் கத்தினாள். வாய்க்குப் பூட்டில்லாத நடுத்தர வயதுக்காரி.

"பாக்கிறன், பாக்கிறன்," என்றார் துரைராசா.

"பாக்கிறாராம்! செவிட்டு ஐயா பாசையே தனி தினுசால்ல இருக்கு," என்று அவள் பின்னால் நின்றவளிடம் சாதாரணக் குரலில் சொன்னாள். அதன் பிறகு அவருடைய மூக்கு, குடுமி வைக்க முடியாத வழுக்கை, யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பெண்சாதி இருப்பாளா என்ற சந்தேகம், எல்லாம் அவர் முகத்துக்கு நேரேயே அலசப்பட்டன. பாவம், அவர் சுவரில் தொங்கிய நிறுவை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு நேரமென்றால் அவரும் சிரித்திருப்பார். சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. கொழும்பில் அவர் வேலை பார்த்த அரசாங்க ஆய்வுக்கூடத்திலிருந்து பத்து நாளுக்கு முன்பு ஒரு குழாய் களவு போயிருந்தது. ரேடியத்தையும் பெரிலியம் என்ற இன்னொரு உலோகத்தையும் கலந்து அடைத்து, வாய் ஒட்டிய வெள்ளிநிறக் குழாய். சுண்டுவிரலில் பாதி நீளம்தான். ஒரு முனையில் நூல் கோர்க்க ஒரு காது உண்டு. கையால் தொடாமல் நூலில் தூக்குவதற்காக வைத்த காது. அணுகுண்டு செய்யப் பார்க்கிற நாடுகளுக்கு அப்படிப்பட்ட குழாய் வேண்டும். கடையில் வாங்கக் கிடைக்காது. அதை எவனோ ஒருவன் ஆள் வைத்து எடுப்பித்தான். எடுத்துக் கொடுத்தவன் களஞ்சியக்காரன். அவனுக்கு, தேத்தண்ணி குடிக்கப் போகும் அவசரத்தில், சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர் துரைராசா.

குழாயைச் சுமந்து வந்த ஆள் கினிகத்தேனையில் பஸ்ஸில் பிடிபட்டான். ஆனால் அப்போது அவன் கை வெறுங்கை. சொன்ன இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். குளவிமலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் ஒற்றை அறைக் காம்பராக்களில் வரிசையாகக் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்துக்கு மேலே முனியாண்டி கோயில், கோயில் என்றால் ஒரு மரமும் ஒரு கல்லும். அந்தக் கல்லுக்குப் பின்னால் ஈயப் பாத்திரத்துக்குள் குழாய் இருக்கிறது, வாங்குகிறவன் வந்து எடுத்துக்கொள்வான் என்று கக்கினான். பொலிசார் இரவில் ஒருவருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்தார்கள். ஈயப் பாத்திரம் இருந்தது. மூடி திறந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த பஞ்சுகூடக் கலையவில்லை. குழாய் மட்டும் இல்லை.

யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் உடம்போடு வைத்துக்கொண்டால் தீக்காயம் போல முதலில் தோல் போகும், பிறகு இரத்தம் கெடும், பிறகு ஆளே போய்விடும். அது துரைராசாவுக்குத் தெரியும். எடுத்தவருக்குத் தெரியாது. இந்த ஒரு நினைப்புத்தான் அவரைப் பத்து நாளாகத் தின்றது.

தோட்டத்தைச் சுற்றி வளைத்துத் தேடியிருக்கலாமே என்று கேட்கலாம். மேலதிகாரி வேண்டாம் என்றார். பொலிசைக் கண்டு பயந்து எடுத்தவர் அதை ஆற்றில் எறிந்தால் கீழே எத்தனை ஊர் குடிக்கிற தண்ணீர்! வாங்க வந்தவனும் தப்பிவிடுவான். "குழாயும் ஆளும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். ஒருவருக்கும் ஒரு சொல் சொல்லக்கூடாது," என்பது உத்தரவு. தோட்டமோ அதன் மானேஜர் பெரியதொரையின் கோட்டை. அவருடைய அனுமதி இல்லாமல் வெளியாள் லயத்துப் பக்கம் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுப்பார்கள். பெரியதொரையிடம் அனுமதி கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் வாங்க வந்தவன் என்று சந்தேகப்பட்ட ஆள் அவருடைய பங்களாவிலேயே விருந்தாளியாக இருந்தான்.

அவன் ஒரு வெள்ளைக்காரன். பறவைகளின் குரலைப் பதிவு செய்ய வந்தவனாம். தொழிலாளர்கள் குருவித் தொரை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனிடமும் ஒரு பெட்டி, அவன் காதிலும் வயர். ஒரு தோட்டத்தில் இப்படி இரண்டு பேர்! துரைராசா முதல் நாளே கவனித்துவிட்டார்: குருவித் தொரை ஒலிவாங்கியைக் காட்டுப் பக்கம் நீட்டவில்லை. குருவியே இல்லாத லயங்களின் பக்கம் நீட்டினான்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் துரைராசா பெரட்டுக் களத்துக்குப் போனார். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையாக நிற்கும் இடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரையோ தேடுகிறவர் மாதிரி வரிசையோடு நடந்தார். காதில் மழைச் சத்தம்தான் கேட்டது. இங்கேயும் இல்லை, மடுவத்திலும் இல்லை என்று சோர்ந்து திரும்பினார். படித்த மனுசர், பெரட்டுக்கு வராதவர்கள் யார் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. வந்தவர்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் பகல் நிறுவை. மழை சற்று விட்டிருந்தது. ராக்காயி கூடையை இறக்கிவிட்டு, ஈரக் கம்பளியை உதறி மடித்தாள்.

"என்னக்கா, மலைக்குத் திரும்பலயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கங்காணிகிட்ட சொல்லிட்டேன்டி. மீனம்மா புள்ளைக்கு இன்னிக்கு முப்பது. தீட்டுக் கழிச்சு அரணாக்கயிறு கட்டுறாங்க. நான் இல்லாம எப்பிடி?"

"இந்தப் புள்ளயாவது தங்கட்டும். மூணையும் முப்பது நாளைக்குள்ளயே பொதைச்சவ."

"தங்காம எங்க போகும்? முனியே தாயத்துக் குடுத்திருக்காருடி! ஒனக்குத் தெரியாதா? அவ புருசன் ஆண்டியப்பன் கோயிலக் கூட்டப் போயிருக்கான். கல்லுக்குப் பின்னால ஒரு சட்டியாம். தொறந்தா பஞ்சு மேல தாயத்து! பளபளன்னு, கயிறு கோக்கக் காதோட! சட்டி சாமியோடதுன்னு அங்கயே வச்சிட்டு, தாயத்தை மட்டும் கும்புட்டு எடுத்துக்கிட்டு வந்திருக்கான். பகல் சங்கு ஊதினதும் புள்ள இடுப்புல கட்டப் போறாங்க."

களவு, கள்ளன் என்றே பத்து நாளாக யோசித்த தன் புத்தியின் மேல் துரைராசாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் காதும் அந்த நீளமும்! அவர் பிறந்தபோது அவர் இடுப்பிலும்தானே இதே மாதிரி ஒன்றைக் கட்டியிருப்பார்கள்?

"எந்த லயம்?" என்று எழுந்தார். "அக்கா, அது எந்த லயம்?"

பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "ஆத்தாடி! ஐயாவுக்குக் காது கேக்குது!" என்றாள் ராக்காயி. மூக்கைப் பற்றிப் பேசியதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லயத்தைச் சொல்லுங்கோ!"

"ஏழாம் நம்பருங்க. மேல, அஞ்சாவது காம்பரா."

பெட்டியை ஒரு கையிலும், குழாயின் கதிரை அடைக்கக் கொண்டுவந்த ஈயப் பாத்திரம் வைத்திருந்த பையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு அவர் வெளியே பாய்ந்தார். வண்டிப் பாதையின் மேல் வளைவில் இரண்டு உருவங்கள் போய்க்கொண்டிருந்தன. முன்னால் கணக்கப்பிள்ளை செல்லசாமி, பின்னால் குருவித் தொரை. குருவிக் குரல் என்ற பெயரில் இவருடையதைப் போன்ற கதிர்வீச்சுக் கருவியை வைத்துக்கொண்டு நேற்று முழுக்க அவன் அந்த மேட்டைச் சுற்றியது இதற்குத்தான். பாலத்தடியில் கொழுந்து லொறிச் சாரதி வேஷத்தில் சப்-இன்ஸ்பெக்டர் விஜேதுங்க நான்கு பேரோடு இருந்தார். அவரிடம் ஓடிச் சொல்லிவிட்டு வர அரை மணி நேரமாகும். தொழிற்சாலையின் பகல் சங்குக்குக் கால் மணிநேரம்கூட இல்லை.

"ராக்காயி அக்கா, பாலத்தடியிலை நிக்கிற லொறிக்காரனிட்டை ஓடிப் போய், ஏழாம் லயம் எண்டு மட்டும் சொல்லுங்கோ!"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே ஓடினாள்.

துரைராசா பாதையை விட்டு நேரே தேயிலைக்குள் ஏறினார். மூன்று நாளாக அந்தக் குறுக்குப் பாதையால் பெண்கள் ஏறுவதைப் பார்த்திருக்கிறார், சும்மா வாசற்படி ஏறுவது மாதிரி ஏறுவார்கள். அவருக்கு முதல் இருபது அடியிலேயே மூச்சு வாங்கியது. சேற்றில் சப்பாத்து வழுக்கியது, கிளை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணிய தேயிலைக் கட்டைகள் முழங்காலைக் கிழித்தன. ஈயப் பாத்திரம் தோளைப் பிடுங்கியது. அதை வீசிவிட்டு ஓடினால் சீக்கிரம் போகலாம்; போய்க் குழாயை எதற்குள் போடுவது? இரண்டு தடவை விழுந்தார். இரண்டாம் தடவை எழும்பும்போது காதில் டிக்கென்றது. இன்னும் நான்கு அடி ஏறியதும் டிக் டிக். அத்தனை நாளாகக் கேட்கத் துடித்த சத்தம் அது. இப்போது அது கேட்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஏறினார்.

லயத்தின் கூரை தெரிந்தபோது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. மேலே பெண்கள் குலவை போட்டார்கள்.

ஐந்தாவது காம்பராவின் முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு பலகையில் வெற்றிலை பாக்கும் பொங்கலும் வைத்திருந்தது. முப்பது நாளில் முதல் தடவையாக வாசலுக்கு வந்திருந்த மீனம்மா, தலைக்குக் குளித்த ஈரத்தோடு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில், காம்பராவுக்கு முன்னால் இருக்கும் சின்ன இஸ்தோப்பில், அவள் புருஷன் ஆண்டியப்பன் சுவரில் சாய்ந்திருந்தான். கவ்வாத்துக்காரனுக்குரிய திடமான தோள்கள். முகம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. காய்ச்சல், வாந்தி என்று நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை.

கணக்கப்பிள்ளை கையில் ஒரு கடதாசித் துண்டை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"பெரியதொரை துண்டு குடுத்திருக்காருடா. அது குருவித் தொரையோட மிசின்ல இருந்து விழுந்த சாமானாம். மரியாதையா எடுத்துக் குடுத்துரு."

"எனக்குக் கெடைச்சு எட்டு நாளுங்க," என்றான் ஆண்டியப்பன் மெதுவாக. "தொரை தோட்டத்துக்கு வந்தே நாலு நாளுதான். வராத மிசின்ல இருந்து எப்பிடிங்க விழும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கணக்கப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. "தொரைமார்கிட்டயே நாள் கணக்குப் பேசுறியா? பேரு வெட்டிருவாங்கடா!"

பேர் வெட்டினால் வேலை போகும், காம்பராவும் போகும். சிரிப்பு நின்றது. குருவித் தொரை பத்தடி தள்ளி நின்றான். கையில் தடித்த தோல் உறை போட்டிருந்தான். பக்கத்தில் போகவில்லை, கணக்கப்பிள்ளையைத்தான் முன்னால் விட்டிருந்தான். அதைப் பார்த்ததும் துரைராசாவுக்கு இரத்தம் கொதித்தது. இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே அந்த மனுசனை எடுத்துவரச் சொல்கிறான்.

ஆண்டியப்பன் துண்டையும் பார்த்தான், பெண்சாதியையும் பார்த்தான். பிறகு கழுத்திலிருந்த கயிற்றைத் தலைக்கு மேலால் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "கட்டு மீனம்மா. கட்டினதுக்கப்புறம் யாரு அவுக்கிறாங்கன்னு பாப்பம்."

அவள் கையில் குழாய் தொங்கியது. பிள்ளையின் வயிற்றுக்கு மேலே ஒரு சாண் உயரம்.

"கட்டாதேங்கோ!" என்று கத்தியபடி துரைராசா சேறும் இரத்தமுமாகக் கூட்டத்துக்குள் விழுந்தார். "அது தாயத்து இல்லை! சாமி தந்ததில்லை! அது நஞ்சு!"

செவிட்டு ஐயாவுக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் காது வயரைப் பிடுங்கி எறிந்து, பெட்டியைத் திறந்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி முடுக்கினார். பொரி பொரிகிற மாதிரி அது படபடவென்று இரைந்தது. பெட்டியைக் குழாய்ப் பக்கம் நீட்டினார், சத்தம் ஏறியது. விலக்கினார், இறங்கியது. "கேட்டீங்களோ? இதுதான் அத்தாட்சி!"

"முனி பேசுது!" என்று ஒரு கிழவி அலறினாள். உடனே குலவை வானைப் பிளந்தது. நாலைந்து பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தி கற்பூரம் கொளுத்தினாள். அவர் கொண்டுபோன விஞ்ஞானம் அங்கே நன்றாக வேலை செய்தது! மீனம்மா கண்ணீரோடு குழாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளையின் துணியை விலக்கினாள்.

அந்த நேரம் துரைராசாவின் மனதில் ஒரு சபலம் வந்தது. குருவித் தொரை எடுத்துக்கொண்டு போகட்டுமே. குண்டோ கூழோ, எந்த நாடோ எக்கேடு கெட்டும் போகட்டும்; பிள்ளை தப்பினால் போதும். அப்படி நினைத்துக்கொண்டு ஆண்டியப்பனின் பக்கம் திரும்பியவர், அவனுடைய சட்டையின் நெஞ்சுப் பகுதியில் ஒரு ஈரக் கறையைக் கண்டார்.

"தம்பி," என்றார். "இவ்வளவு நாளும் இதை எங்கை வச்சிருந்தனீங்கள்?"

"கழுத்துலதாங்க. தீட்டு வீட்டுக்குள்ள சாமி சாமானை வைக்கலாமா? அதான் நான் போட்டுக்கிட்டு இஸ்தோப்புலயே படுத்துக்கிட்டேன். உள்ளுக்குக்கூட போகல. புள்ளயத் தொடல."

பிள்ளைக்குச் சுவருக்கு அப்பால் எட்டு நாள். இவனுக்கு நெஞ்சோடு எட்டு நாள். துரைராசாவுக்கு நிம்மதியும் பயங்கரமும் ஒரே மூச்சில் வந்தன.

"சட்டையைக் கழட்டுங்கோ."

"ஒண்ணுமில்லீங்க, அட்டை கடிச்சது சீழ் வச்சிருச்சு…"

"கழட்டுங்கோ, அப்பன்."

அவன் பொத்தானைக் கழற்றினான். நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து வெந்திருந்தது. நடுவில், குழாய் கிடந்த இடத்தில், அதே நீளத்துக்குக் கறுத்த புண். அட்டைக் கடி எப்படியிருக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குலவை நின்றுவிட்டது. கருவி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

மீனம்மா புருஷனின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். மற்றக் கையால் பிள்ளையைத் தூக்கிப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். குழாயைத் தன் உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்திருந்தாள்.

குருவித் தொரை இப்போது முன்னால் வந்தான். புகைப்படக் கருவிப் பெட்டி போன்ற ஒன்றைத் திறந்து நீட்டினான். உள்ளே ஈயம் பளபளத்தது. துரைராசாவும் பாத்திரத்தின் மூடியைத் திறந்து நீட்டினார். அவள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"தொரை, இதப் புள்ளைக்குக் கட்டினா என்னங்க ஆகும்?"

"ஒன்றும் ஆகாது," என்றான் அவன், கற்றுவைத்த தமிழில். "மெஷின் சாமான். கொடு."

"ஐயா, நீங்க சொல்லுங்க."

ஒருவருக்கும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்ற உத்தரவு துரைராசாவுக்கு மறக்கவில்லை. "பிள்ளை செத்துப்போகும் அம்மா," என்றார்.

"அப்ப இவரு?"

அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் அவருடைய தாடையில் வழிந்து சொட்டியது. அதைப் பார்த்துவிட்டு அவள் குழாயை அவருடைய பாத்திரத்துக்குள் போட்டாள். அவர் மூடியைத் திருகினார். படபடவென்ற இரைச்சல் சட்டென்று தேய்ந்து, எப்போதாவது ஒரு டிக் என்றானது.

குருவித் தொரையின் கை கோட்டுப் பைக்குள் போய் வந்தபோது அதில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. பாத்திரத்தைக் கீழே வைக்கும்படி சைகை காட்டினான். கணக்கப்பிள்ளை "ஐயோ தொரை!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். துரைராசா பாத்திரத்தை வயிற்றோடு கட்டிப் பிடித்தார். வீரம் ஒன்றுமில்லை, பயத்தில் கை விறைத்துவிட்டது.

கவ்வாத்து வேலை பகலோடு முடிகிற வேலை. ஆண்டியப்பனின் கூட்டாளிகள் பதினொரு பேர் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, விருந்துச் சாப்பாட்டுக்காக லயத்துக் கோடியில் வந்து நின்றிருந்தார்கள். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி. அவர்களுக்கு ரேடியமும் தெரியாது, பெரிலியமும் தெரியாது. ஆண்டியப்பனின் நெஞ்சு தெரிந்தது, துவக்குப் பிடித்த ஆள் தெரிந்தது. கத்திகளை உருவிக்கொண்டு நடந்து வந்து, துரைராசாவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள்.

அவன் அவர்களை எண்ணினான் போலிருக்கிறது. மெல்லப் பின்வாங்கி, குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினான். ராக்காயி நன்றாகத்தான் ஓடியிருக்கிறாள். பாதி மலையிலேயே விஜேதுங்கவின் ஆட்கள் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். துவக்குச் சத்தம் ஒன்று கேட்டது, பிறகு சிங்களத்தில் கூச்சல். சற்று நேரத்தில் அவனைக் கைவிலங்கோடு கொண்டுபோவது மேலேயிருந்து தெரிந்தது. அவனிடம் மூன்று நாட்டுப் பாஸ்போர்ட் இருந்ததாம். எந்த நாட்டுக்காரன் என்று யாரும் துரைராசாவுக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் இஸ்தோப்பில் ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. அவன் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினான்.

"எட்டு நாளாப் போட்டிருந்தேனே ஐயா," என்றான்.

"தெரியும், தம்பி."

"பொழைப்பேனுங்களா?"

"கொழும்புக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். பெரிய டொக்டர்மார் இருக்கினம். உங்களைத் தனிய விடமாட்டன்." கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. சாவி, களஞ்சியம், தேத்தண்ணி என்று எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி, காலில் விழ வேண்டும் போலிருந்தது அவருக்கு. "என்ரை பிழைதான் இது. என்ரை கையாலை போன சாமான்," என்று மட்டும் சொன்னார்.

ஆண்டியப்பன் அதைக் கேட்டானோ என்னவோ. "புள்ளைக்கு?" என்றான்.

துரைராசா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பிள்ளை, மீனம்மா, படுத்த பாய், தொட்டில் சேலை, அடுப்பங்கரை, எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் எங்கேனும் கசிந்திருக்கிறதா என்று கருவியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை நகர்த்தினார். டிக் சத்தம் ஏறவில்லை. டாக்டர்கள் இன்னும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சுவர் தடுத்திருக்கிறது, தீட்டு தடுத்திருக்கிறது. "பிள்ளைக்கு ஒண்டும் இல்லை," என்றார். "நல்லா இருக்கு."

கீழே பாலத்தடியில் லொறி ஹோர்ன் அடித்தது. குழாயை இருட்டுவதற்குள் கொழும்பில் சேர்க்க வேண்டும். மீனம்மா வெறும் கறுப்புக் கயிறு ஒன்றை எடுத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டினாள். கட்டி முடித்து நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

அவன் எழுந்து, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, துரைராசாவிடம் திரும்பினான். "அந்தச் சாமான் சட்டிக்குள்ள போயிருச்சில்லங்க. என் ஒடம்புல ஒட்டிக்கிட்டு ஒண்ணும் இருக்காதே?"

"இல்லை."

"அப்ப நான் புள்ளயத் தூக்கலாமா ஐயா? தீட்டுன்னு பொறந்ததுல இருந்து இன்னும் தூக்கலங்க."

"தூக்குங்கோ," என்றார் துரைராசா.

மீனம்மா பிள்ளையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. அவள் அவனுடைய முழங்கையை மடக்கி, தலை எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினாள். லொறி மறுபடியும் ஹோர்ன் அடித்தது. துரைராசா பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, லயத்துப் படியில் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.